கார் இல்லாத இடத்தில் விசில்காரர்

“வரட்டும், வரட்டும்... லேசா இடது பக்கம் ஒடிங்க... போதும்” என்று சொல்லிவிட்டு, விசில்காரர் வண்டியின் பின்புறத்தில் இரண்டு தட்டு தட்டுகிறார். தள்ளுவண்டிக்குள் கிடக்கும் கைக்குழந்தை அவரையே உற்றுப் பார்க்கிறது. அதன் அம்மாவுக்கு நன்றி சொல்வதா, சீட்டு வாங்குவதா என்று தெரியவில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே, ஊரின் நட்டநடுவில் இருந்த கார் நிறுத்துமிடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் அவர். அதில் முக்கால்வாசி எந்நாளும் வெறும் தரைதான். ஆனாலும் வருகிற ஒற்றைக் காரையும் “நெருக்கி விடுங்க சார், பின்னால வண்டி வருது” என்று மூலைக்குத் தள்ளிவிடுவார். பின்னால் ஒன்றும் வராது. கிளம்பும்போது ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி ஆட்டுவார்கள். மனிதர் அதற்காகவே வேலைக்கு வந்தது போலப் பூரித்துப் போவார்.

இப்போது அங்கே ஐந்து மாடிக்கு வீடுகள். ரயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பதால் கார் நிறுத்த இடமே வைக்கவில்லை. பழைய ஆளாயிற்றே என்று வாசல் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். வேலை நிலைத்தால் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடும் உண்டு. அவர் மனைவி அதன் ஜன்னல்களுக்குத் திரைத்துணியே எடுத்துவிட்டார்.

முற்றத்தில் விசில்காரர் குறுக்கே நடக்கமாட்டார். கார்களுக்குப் போட்டிருந்த பழைய கோடுகள் இருந்த வழியாகச் சுற்றித்தான் போவார். வீட்டில் செருப்புகள் எல்லாம் மூக்கை வாசல் பக்கம் நீட்டி நிற்கும். “சாப்பிட உட்கார்ந்தாக்கூட என்னைக் கொஞ்சம் பின்னால வரச் சொல்றாரு” என்கிறார் மனைவி.

வளாகத்தின் மேலாளரம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்புதான். விசில் மட்டும்தான் ஆகாது. காலையில் ரயிலுக்கு ஓடியவர்களை இவர் விசிலடித்து ஒவ்வொருவராக வெளியே விட, ரயிலைக் கோட்டைவிட்டவர்கள் புகார் சொல்லிவிட்டார்கள்.

“இது குடியிருக்கிற இடம்ணே. இன்னொரு தடவை விசில் சத்தம் கேட்டா, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்.”

விசில் சட்டைக்குள் போனது. “வீடு வேணும்னா அதை வாய்கிட்ட கொண்டு போகாதீங்க” என்று மனைவியும் சொல்லி வைத்தார்.

போன வாரம் மேலாளரம்மா போனைத் தூக்கிப் பிடித்து, கட்டடம் முழுவதையும் படத்துக்குள் கொண்டுவரப் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அன்று காலையில் போட்ட நடைபாதை, சிமெண்ட் காயாமல் கொழகொழவென்று கிடந்தது. விசில்காரர் அதைப் பார்த்துவிட்டார். “மேடம்” என்று கத்தினார். எதிரே ரயில் கூவியதில் அது எடுபடவில்லை. திரைத்துணி ஒரு கணம் கண்முன் வந்து போனது. பாவம், அவர்தான் என்ன செய்வார். விசில் வாய்க்குப் போய்விட்டது.

முற்றமே நின்றது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கூடக் குழாயை மூடினார். மேலாளரம்மாவின் குதிகால் சிமெண்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“அப்படியே இருங்க மேடம். நேரா முன்னால வாங்க... இன்னும் கொஞ்சம்... வலது பக்கம் ஒடிங்க... போதும்.”

பழக்க தோஷம், அந்த அம்மாள் முதுகில் தொங்கிய பையில் இரண்டு தட்டும் தட்டிவிட்டார். அப்புறம்தான் உறைத்தது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார்.

மேலாளரம்மா அதை வாங்கவில்லை. ஈரச் சிமெண்டைப் பார்த்தார். தன் புதுச் செருப்பைப் பார்த்தார். அலுவலகத்தை நோக்கி நடந்தார். வாசலைத் தாண்டும்போது, திரும்பிப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒரு கையை நீட்டி ஆட்டினார்.