திங்கட்கிழமை வாசல்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமைதோறும் வினோதினிக்கு ஒரே வேலைதான். மனுவோடு வருகிறவர்களின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன யாரோ எப்போதோ உள்ளே போய்ப் பெட்ரோலைத் தலையில் ஊற்றிக்கொண்டதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. போலீஸ் தேர்வுக்கு அவள் அரசியல் சாசனம் படித்திருந்தாள். மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டது வேலையில் சேர்ந்த பிறகுதான்.

"மோருதான் ஏட்டம்மா, ஒரு வாய் குடிச்சிப் பாருங்க" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அவளும் சிரிப்பாள். கிண்டல் செய்கிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பேசாமல் பாட்டிலை நீட்டுகிறவர்களிடம்தான் கவனமாக இருப்பாள்.

அன்று பேசாமல் நீட்டியது வெள்ளையம்மாள். வினோதினியின் பெரியம்மா. தாயில்லாத பெண்ணை வளர்த்துப் படிக்கவைத்தவள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவளுக்கு இருந்த வேர்க்கடலை நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைச் சுப்பிரமணி என்பவன் சுவர் வைத்து அடைத்துவிட்டான். எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கட்சியில் இருப்பவன். டிராக்டர் உள்ளே போக வழியில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது. பெரியம்மா கொடுக்கும் மனுக்கள் கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து ஒருவர் விசாரிக்க வருவார். சுப்பிரமணி வீட்டில் டீ குடிப்பார். விசாரணை முடிந்ததாகப் பதில் வரும்.

மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"பெரிம்மா, இன்னா இது?"

"கத்தாதடி. கொளுத்திக்க மாட்டேன். தீப்பெட்டி கூட எடுத்தாரல, தடவிப் பாத்துக்கோ. மேல ஊத்திக்கினா எவனாவது எழுந்து வந்து இன்னா ஏதுன்னு கேப்பானில்ல?"

"கேஸு போட்டு உள்ள வெச்சிடுவாங்க."

"வெக்கட்டும். அங்கியாவது விசாரிப்பாங்க."

பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்தார். "சொந்தக்காரங்கன்னா சாவகாசமா பேசுவீங்களா மேடம்? எங்க பஸ்ஸு போயிடும்."

வினோதினி அந்தப் பாட்டிலை மணல் வாளியில் கவிழ்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கேஸ்.

"வரிசையில போயி மனு குடு. இந்தத் தடவ நடக்கும்."

"எப்பிடி நடக்கும்?"

"நம்பு பெரிம்மா."

அப்படிச் சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. பெரியம்மா உள்ளே போய்விட்டு ரசீதோடு வந்தாள். மனு மறுபடியும் அதே தாலுகா ஆபீசுக்குத்தான் போகும் என்று ரசீதே சொன்னது. பெரியம்மா அவளைப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

அந்தச் சனிக்கிழமை டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிவிக்காரர்கள் விவாதம் நடத்தினார்கள். நம் ஜனநாயகம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது தலைப்பு. வினோதினிக்கு மேடையோரம் பந்தோபஸ்து. ஓய்வுபெற்ற பேராசிரியர் சக்கரவர்த்தி, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்றார். ஓர் ஏழைப் பெண் கலெக்டரின் கையில் நேராக மனு கொடுக்க முடிகிற நாடு இது என்றார். வழக்கறிஞர் கீதாஞ்சலி, நோய் முற்றிவிட்டது என்றார். தேர்தல் பணம், நீதிமன்றத் தாமதம், பயந்த பத்திரிகைகள் என்று அடுக்கினார். இரண்டு பேரும் நன்றாகவே பேசினார்கள். இரண்டு பேருக்கும் கைதட்டல் கிடைத்தது.

வினோதினி கேட்டுக்கொண்டே நின்றாள். மனு கொடுக்க முடிகிறது என்பது உண்மை. கொடுத்த மனு, யார்மேல் புகாரோ அவர் வீட்டு டீயில் முடிகிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் உண்மையாக இருப்பதற்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை அவர்களுக்கும் தெரியாதோ என்னவோ.

கூட்டத்தில் மைக்கை நீட்டிக்கொண்டே வந்த தொகுப்பாளர் விளையாட்டாக அவளிடமும் நீட்டினார். "காவல்துறை எந்தப் பக்கம்?"

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். எதிரே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"பந்தோபஸ்து பக்கம் சார்."

மண்டபமே சிரித்தது. அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். அதை அப்படியே ஒளிபரப்பினார்கள்.

புதன்கிழமை பெரியம்மா போன் செய்தாள். "உன்ன டிவில பாத்தேன். நல்லா பேசற. நாளைக்கு லீவு போட்டுட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா. நெலத்த சுப்பிரமணிக்கே குடுத்துடறேன்."

"இன்னா பெரிம்மா இது? அடுத்த திங்கட்கிழமை வா. நானே உன்ன கூட்டினு போறேன்."

"எங்க கூட்டினு போவ? நீ வாசல்லதான நிக்கிற." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வினோதினி எதிர்த்து ஏதாவது பேசியிருப்பாள். "வழியில்லாத நெலத்த வேற எவன் வாங்குவான், சொல்லு? சாட்சிக்கு ஒரு ஆளு கம்மியா கீது. கவர்மென்ட் ஆளு நீ, போட்டீன்னா நல்லது."

மறுநாள் சுப்பிரமணியே கார் அனுப்பியிருந்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் அவன் வினோதினிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாம்மா, நம்ம ஊரு பொண்ணு" என்றான். அவள் உட்காரவில்லை.

அதிகாரி தலையை நிமிர்த்திப் பெரியம்மாவிடம் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"இல்ல சார்."

"உங்க இஷ்டத்துலதான் குடுக்கறீங்களா?"

பெரியம்மா ஒருமுறை வினோதினியைப் பார்த்தாள். "என் இஷ்டந்தான்."

பெரியம்மா விரலை வைத்த பிறகு பத்திரத்தை வினோதினி பக்கம் திருப்பினார்கள். தன் பெயரையும் அப்பா பெயரையும் திருத்தமாக எழுதிவிட்டு, அவள் கையெழுத்துப் போட்டாள்.