வடக்குப் பார்த்த நாற்காலி

2003 மார்ச் மாதக் கடைசியில் தேசிகனின் எடை நாற்பத்தாறு கிலோ. முந்தைய தீபாவளியின்போது அது அறுபத்தொன்று. இடையில் போன பதினைந்து கிலோவுக்கு அவர் சொன்ன காரணம் சரியா தப்பா என்று அந்த வீட்டில் ஆறு வாரமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது.

வீடு மல்லேஸ்வரத்தில். தேசிகனுக்கு எழுபத்தாறு வயது. மாநில அரசின் வருவாய்த் துறையில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஆபீசில் கன்னடம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். மனைவி ஜெயலக்ஷ்மி இறந்து நான்கு வருடம். மகள் பாகீரதி கூடவே இருந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் உளவியல் ஆசிரியை, வயது நாற்பத்தேழு. மகன் பத்ரிநாத் பொம்மனஹள்ளியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு நடைமுறை இருந்தது. மோர் சாதம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பழைய சரித்திரத்திலிருந்தோ இலக்கியத்திலிருந்தோ ஒருவர் செய்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் ஏன் அதைச் செய்தார் என்று கையில் சோறு காயும்வரை வாதாட வேண்டும். சிறையில் கிடந்த சேரன் ஒருவன் தண்ணீர் கேட்டான். காவலாளி தாமதமாக, அலட்சியமாகக் கொடுத்தான். வாங்கிய தண்ணீரைக் குடிக்காமலே செத்தான். மானமா, வீம்பா? மகதத்தை ஆண்ட ஒரு ராஜா சாம்ராஜ்யத்தை விட்டுவிட்டுச் சமணத் துறவியாகி இங்கே கன்னட நாட்டு மலையில் வந்து பட்டினி கிடந்தான் என்கிறார்களே, வைராக்கியமா, சலிப்பா? பதில் சொல்ல முடியாதவர் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி கலக்க வேண்டும். ஜெயலக்ஷ்மி இருந்தவரை அவள்தான் அதிகம் ஜெயித்தாள். பாகீரதி ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு வராமல் ஒத்திவைக்கப்பட்டது.

மற்ற வீடுகளில் பிள்ளை பரீட்சையில் தோற்றால் அடிப்பார்கள், அல்லது அழுவார்கள். இந்த வீட்டில் காரணம் கேட்பார்கள். காரணம் பெரிதாக இருந்தால் மரியாதையும் கிடைக்கும்.

ஜெயலக்ஷ்மி போனபின் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. தேசிகன் பேப்பர் படிப்பார், டி.வி. பார்ப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். பத்ரிநாத் செல்போனை நோண்டிவிட்டு நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவான். பாகீரதிக்கு வகுப்பில் நாளெல்லாம் பேசிவிட்டு வந்து ஊமை வீட்டில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் தேசிகன் தன் சாய்வு நாற்காலியை டி.வி. பக்கமிருந்து இழுத்துக்கொண்டுபோய் வடக்கு ஜன்னலுக்கு முன்னால் போட்டார். அதற்கு முன்பே அவர் சாப்பாடு குறைந்துகொண்டு வந்திருந்தது. முதலில் சப்பாத்தி வேண்டாம் என்றார். பிறகு இட்லி வேண்டாம். அந்த வாரம் சாதமும் வேண்டாம், ரசத்தை வடிகட்டிக் கொடு, மோர் கொடு, இரத்த அழுத்த மாத்திரையைப் பொடித்துக் கொடு, போதும் என்றார். ஏன் என்று பாகீரதி கேட்டாள்.

"வடக்கிருக்கலாம்னு பார்க்கறேன்," என்றார் தேசிகன்.

பாகீரதி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. போரில் முதுகில் புண்பட்ட சேரன் ஒருவன் வெட்கப்பட்டு வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிரைவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சிரவணபெளகொளாவின் சின்ன மலையில், அப்படி விரதமிருந்து போனவர்களின் பெயர்களைப் பாறையிலேயே வெட்டி வைத்திருப்பதைச் சொன்னார். தமிழ் ராஜாவுக்கும் சமண முனிவருக்கும் நோக்கம் வேறு, செய்கை ஒன்று, அது எப்படி என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினார். நான்கு வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பாகீரதி தன் தொழிலுக்கு ஏற்றபடி முதலில் மனச்சோர்வைத்தான் சந்தேகப்பட்டாள். பேச்சோடு பேச்சாக, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். தூக்கம் வருகிறதா? நன்றாக வருகிறது. பிடித்த விஷயங்களில் இன்னும் பிடிப்பு இருக்கிறதா? உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றபோது மட்டையாளர்களை இங்கிலீஷில் திட்டினார். அழுகை வருகிறதா? "உன் கேள்வியைக் கேட்டாதான் வரது," என்றார். அவள் பாடப் புத்தகங்களில் இருந்த எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. நோய் இல்லையென்றால் கொள்கை. கொள்கையென்றால் வாதாட வேண்டியதுதான் என்று அவள் முடிவுகட்டினாள். அது அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே கட்டக்கூடிய முடிவு.

பத்ரிநாத்துக்கும் செய்தி போயிற்று. அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனை அணைத்துவிட்டு வந்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பக்கத்து மனையில் அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது.

"வடக்கே பார்த்தா பில்டரோட தண்ணி டேங்கர்தானே தெரியறது? இதுக்காப்பா உயிரை விடறது?"

"ராஜாவுக்கு மட்டும் என்ன, ஹிமாலயமா தெரிஞ்சிருக்கும்?" என்றார் தேசிகன்.

ஆரம்பித்துவிட்டது. பத்ரிநாத் அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டான். அவர் சொன்னதை நம்பியதால் அல்ல, அக்காவை எதிர்த்து வாதாடச் சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பிடிக்கும். மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், எப்போது போதும் என்று தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று கேட்டான். பாகீரதி கல்லூரி நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்தாள். சாயங்காலம் பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு ஓடி வந்தாள். வழியில் மனதுக்குள் வாதங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் மானம் என்று ஒன்று கிடையாது என்றாள். வடக்கிருந்தவனைச் சுற்றி ஊரே கூடியிருந்தது, நண்பர்கள் கூட உட்கார்ந்தார்கள், புலவர்கள் பாடினார்கள். கூட்டம் கலைந்திருந்தால் மூன்றாம் நாள் ராஜா எழுந்து சாப்பிடப் போயிருப்பான் என்றாள். தேசிகன் ரசித்துக் கேட்டார். மறுநாள் அதற்குப் பதிலோடு காத்திருந்தார். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. கண் மட்டும் பழையபடி ஆகிவிட்டது. அம்மா போனபின் தன் வாழ்க்கையில் வந்த நல்ல நாட்கள் இவைதான் என்று பாகீரதிக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் விரட்டவில்லை.

மருந்துக்கடை வாசல் எடை இயந்திரத்தில் நாற்பத்தாறு என்று சீட்டு வந்ததும் அவளுக்குப் பயம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஜெயித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஜெயித்தால் அவர் சாப்பிட்டாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ளவும் வைத்தாள்.

அன்று எலுமிச்சை ரசம், குழைய வடித்த சாதம், பூசணிக்காய்க் கூட்டு. பத்ரிநாத்தும் பாகீரதியும் சாப்பிட்டு முடித்தார்கள். தேசிகன் எதிரில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

பாகீரதி சுற்றி வளைக்கவில்லை. "வடக்கிருந்த ராஜாக்கள் எல்லாரும் எதுலயோ தோத்தவா. ஊரறியத் தோத்தவா. சமணாள் தோக்கலை, ஆனா குரு அனுமதி இல்லாம அவா உட்காரவே முடியாது. நீங்க எதுலப்பா தோத்தேள்? உங்களுக்கு யார் அனுமதி குடுத்தா?"

தேசிகன் வாயைத் திறந்தார், மூடினார். பத்ரிநாத் அவருக்காக ஏதோ சொல்ல வந்து, அவனுக்கும் ஒன்றும் கிடைக்காமல் மேஜையில் தட்டினான். ஜெயித்தவருக்காக மேஜையைத் தட்டுவது சின்ன வயதிலிருந்தே அவர்கள் வீட்டு வழக்கம்.

"சரி, ஜெயிச்சுட்டே," என்றார் தேசிகன். "போடு சாதத்தை."

அவள் இரண்டு கரண்டி சாதத்தில் ரசத்தை விட்டு, நெய் ஊற்றிப் பிசைந்தே வைத்தாள். தேசிகன் ஒரு சிறு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். பிறகு கழுத்தை நீட்டி விழுங்கினார். மார்பின் நடுவில் கையை வைத்து அழுத்தினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. டம்ளரை எடுத்து ஒரு மடக்கு மோர் குடித்தார்.

"என்னப்பா, அப்பீல் பண்றேளா?" என்றான் பத்ரிநாத்.

தேசிகன் எழுந்தார். வாஷ்பேசினுக்குப் போய்ச் சேரவில்லை. குடித்த மோரும் சாதமும் அப்படியே, நுரைத்த எச்சிலோடு, சுவரைப் பிடித்திருந்த கைமேல் வந்து விழுந்தது. மென்ற சோறு உள்ளே போகவே இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

பாகீரதி அவரைப் பிடித்து உட்கார வைத்தாள், துடைத்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஆயுத பூஜையிலிருந்தே சப்பாத்தி மார்பில் நின்றுபோவது போலிருந்தது என்றார். அப்புறம் இட்லி. அப்புறம் சாதம். இப்போது மோருக்குக்கூட நேரம் பிடிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அவர் விட்ட ஒவ்வொன்றையும் அவள் தன் கையால்தான் நிறுத்தியிருந்தாள். கெட்டியானது முதலில், குழைந்தது பிறகு, கடைசியில் நீர். மானத்துக்காகப் பட்டினி கிடப்பவன் எதற்காக ரசத்தை வடிகட்டச் சொல்வான்? இரத்த அழுத்த மாத்திரையை எதற்காகப் பொடித்துத் தரச் சொல்வான்? ஆறு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் சேர ராஜாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்பா சொல்லலை?"

தேசிகன் மூச்சு வாங்கினார். "தொண்டையில அடைக்கறதுன்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஆட்டோ கூப்பிடுவேள். அங்கே போனா விவாதம் கிடையாது. வடக்கிருக்கேன்னு சொன்னா விவாதம் பண்ணுவேள்னு தெரியும். நாலஞ்சு மாசமாவது பண்ணுவேள்."

பத்ரிநாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மாவுக்குப் பண்ணினது எனக்கு வேண்டாம்," என்றார் தேசிகன்.

அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயலக்ஷ்மிக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனபோது மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவள் அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் துணியால் அவள் வலது கையைக் கட்டிலோடு கட்டினார்கள். இடது கையைக் கட்ட வேண்டாம், நானே பிடித்துக்கொள்கிறேன் என்று தேசிகன் பிடித்துக்கொண்டார். பதினோரு நாள் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஏன் பிடுங்கினாள் என்று அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் பத்ரிநாத்தின் காரில் பிரேசர் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் பவுலின் பாகீரதியின் பழைய கல்லூரித் தோழி. வயிறு, குடல் சம்பந்தப்பட்டவற்றில் நிபுணர். உள்ளே கருவியை விட்டுப் பார்த்தாள், துணுக்கு எடுத்து அனுப்பினாள். முடிவு வந்தபோது மூவரையும் உட்கார வைத்தே சொன்னாள். உணவுக்குழாயில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டது. தீபாவளி சமயத்தில் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். இப்போது மூக்கில் குழாய் போட்டு உடம்பைத் தேற்றி, பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதங்கள் கூடலாம். குழாய் போடாவிட்டால் அதுவும் இல்லை.

"வேண்டாம்மா," என்றார் தேசிகன்.

பவுலின் பாகீரதியைப் பார்த்தாள். "நீ சொல்லு பாகி. உன் பேச்சைக் கேப்பார். நீதானே சைக்காலஜி?"

பாகீரதியிடம் வாதங்கள் இருந்தன. அம்மாவுக்கு நினைவு சரியாக இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கையை யாரும் கட்ட மாட்டார்கள். உயிர்மேல் ஆசை இல்லாதவர் எதற்காக வடிகட்டிய ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. கேட்டால் ஜெயித்துவிடலாம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஜெயித்தால் அவர் சரி என்று சொல்லிவிடுவார், குழாயைப் போடுவார்கள், அவர் பிடுங்குவார், அப்போது அவருடைய இடது கை அவளிடம் வரும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பத்ரிநாத் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தான். தேசிகனும் காத்திருந்தார். நெஞ்செலும்பு சட்டைக்குமேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர் முகத்தில் இருந்தது பயம். சரித்திரத்திலிருந்து எடுத்துப் போர்த்திக்கொள்ள அப்போது அவரிடம் ஒன்றும் இல்லை.

"வேண்டாங்கறார், பவுலின்," என்றாள் பாகீரதி. "வேற என்ன குடுக்கலாம், அதைச் சொல்லு."

பவுலின் மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு வலிக்கு ஒரு சொட்டு மருந்தும், எதை எப்படிக் கரைத்துத் தர வேண்டும் என்பதையும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் தேசிகன் வடக்கு ஜன்னலடியில் உட்காரவில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்ரிநாத் வந்தான், சாப்பிட்டான், தட்டை எடுத்துக்கொண்டு உடனே எழுந்துவிட்டான்.

பாகீரதி கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கேழ்வரகை ஊறவைத்து, அரைத்து, மல் துணியில் இரண்டு முறை வடிகட்டிப் பால் எடுத்து, தண்ணீராகக் காய்ச்சி ஸ்பூனால் கொடுத்தாள். அது ஏழு வாரம் இறங்கியது.