உட்கார்ந்து காட்டிய மூடிகள்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். மூடிக்காரர் என்றால் யாரும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். தகரப் பட்டறையில் பெட்டியும் புனலும் செய்துகொண்டிருந்த மனிதர், எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடி செய்ய இறங்கியதற்குக் காரணம் அவருடைய மகள்.

கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, "இன்னொரு தடவை வந்தா இதைவிட மோசமாப் போகலாம். கொசு கடிக்காம பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த 'இன்னொரு தடவை' மூடிக்காரரின் காதை விட்டு இறங்கவே இல்லை.

தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று பிடித்து வைக்க வாசலுக்கு வாசல் டிரம். திறந்து கிடந்த ஒவ்வொன்றும் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. தன் வீட்டு டிரம்மை மட்டும் மூடி என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டுக் கொசு விலாசம் கேட்டுக்கொண்டா கடிக்கும்? ஆகவே தெரு முழுக்க மூடி போட்டுவிடுவது என்று முடிவு கட்டினார். கேட்டவர்களுக்கும் போட்டார், முறைத்தவர்களுக்கும் போட்டார்.

அதுவரை மகளுக்குச் சிறைவாசம்தான். இந்தக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகலிலும் வலைக்குள். முழுக்கைச் சட்டை, சாத்திய ஜன்னல்.

"அப்பா, புழுங்கியே செத்துடுவேன் போல."

"தெரு முழுக்க முடிச்சுட்டு நானே ஜன்னலைத் திறந்து விடறேன் கண்ணு."

வேலையில் குறை சொல்ல முடியாது. தட்டையான, கனமான மூடி. விளிம்பை மேலே மடக்கி, கையை அறுக்காமல் தட்டியிருப்பார். மாட்டி முடித்ததும் ஒரு வித்தை காட்டுவார். தம்முடைய கனத்த உடம்பைத் தூக்கி அதன்மேல் வைத்துக் காலை ஆட்டியபடி, "யானை உக்காந்தாலும் தாங்கும், பாத்துக்குங்க!" என்பார்.

"அதான் உக்காந்திருக்கே" என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர். தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு வீட்டிலும் உட்காராமல் வந்ததில்லை.

கடைசி மூடியும் போட்டாயிற்று. கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. சொன்ன சொல் தவறாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார். இனி ஒரு கொசு வரட்டும் பார்க்கலாம் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் மகள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். நசுங்கிய கொசு. காலில் வெள்ளை வரி, டெங்குக் கொசுவேதான்.

"எங்கிருந்துப்பா வந்துச்சு இது?"

"நம்ம தெருவுல இல்ல. வேற எங்கேயாவது..."

அவள் காதில் வாங்கவில்லை. நேராக வாசல் டிரம்முக்குப் போனாள். மூடியின் நடுவில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தில் மழைத் தண்ணீர். தண்ணீரில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. அவள் விரலால் தட்டியதும் நெளிந்து கீழே ஓடின.

பள்ளம் எப்படி விழுந்தது என்று அவள் கேட்கவில்லை. அப்பாவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மகளைக் காப்பாற்றக் கிளம்பியவர், வாசலுக்கு வாசல் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

ஆனால் தலையில் கைவைத்து உட்காருகிற ஆள் இல்லை. உட்கார்ந்தவரை போதும். மூடியைச் சாய்த்துத் தண்ணீரைச் சுடுதரையில் கொட்டினார். கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து தட்டி, நடுப்பகுதியை மேடாக்கினார். விளிம்பையும் கீழே மடக்கினார். அன்றே சுத்தியலோடு எதிர்வீட்டுக்குப் போனார்.

"என்ன அண்ணே, மூடியைத் திருப்பிக் கேக்கறீங்க?" என்றார் தையல்காரர்.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. நான் உக்காந்த இடத்துல எல்லாம் கொசு பிறக்குது."

சிரிக்க வாயெடுத்த தையல்காரர், பள்ளத்தைப் பார்த்ததும் தானே மூடியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு மூடி விடாமல் தட்டி முடிக்கும்வரை மகள் மறுபடி வலைக்குள் இருந்தாள். அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

அடுத்த மழை விட்டதும் மகள் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ எங்கே? நான் பாத்துக்கறேன்."

"நீங்க தட்டியாச்சுல்ல? சரியா இருக்கான்னு பாக்கறது என் வேலை."

அவள் ஒவ்வொரு மூடியிலும் குவளைத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு நிற்காமல் வழிந்தோடியது. பின்னாலேயே போன மூடிக்காரருக்குப் பெருமை பொங்கியது. கடைசி வீட்டில் பழக்க தோஷத்தில் முதுகைத் திருப்பி, மூடிமேல் ஏறப் போனார்.

"அப்பா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அசடு வழிய நின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மகளின் சட்டைக்கை முழங்கைவரை மடித்து விடப்பட்டிருந்தது. அதை இறக்கிவிடச் சொல்ல அவர் வாய் துறுதுறுத்தது. ஆனால் காலிக் குவளையை வாங்கி, அந்த மூடியிலும் ஊற்றிப் பார்க்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.