காதுக்குத் தெரியும் பதம்

ஆறிய முதல் பிஸ்கட்டைக் காதருகே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டுதான் உடைப்பாள் டின்சி. மடக்கென்று சத்தம் கேட்டால் முகம் மலரும். கேட்காவிட்டால் தட்டு முழுவதும் மறுபடி ஓவனுக்குள் போய்விடும். "சத்தம் வந்தாத்தான் பிஸ்கட்டு. வரலைன்னா அது இனிப்புச் சப்பாத்தி," என்பாள்.

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும்தான் அவள் வீடு. அங்கே மஞ்சுக்கு, அந்த மலைப் பனிமூட்டத்துக்கு, கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. ஓட்டிடுக்கில் நுழைந்து உப்பைக் கரைக்கும், கொஞ்சம் அசந்தால் பிஸ்கட்டையும் நமுக்க வைத்துவிடும். முதன்முதலாக ஒரு ஞானஸ்நான வீட்டுக்குச் சுட்டபோது அப்படித்தான் ஆயிற்று. ஆற வைத்த தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இவள் மலையைப் பார்த்துக் கனாக் கண்டுகொண்டிருந்தாள். மஞ்சு தன் வேலையைப் பார்த்தது. விருந்தில் பல் போன கிழவர் ஒருவர் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் காதருகே உடைக்கும் வழக்கம்.

கனவு மட்டும் நிற்கவில்லை. செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் தார்ப்பாய்ப் படங்கைச் சுற்றி முடிந்துகொண்டு கொழுந்தெடுப்பாள். விரல் தேயிலையில் இருக்கும், மனம் வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துக்கொண்டிருக்கும். ரோட்டோரம் ஒரு கடை, கண்ணாடி அலமாரி, மஞ்சள் விளக்கு, ஏலக்காய் மணத்தைப் பிடித்துக்கொண்டே மஞ்சுக்குள்ளிருந்து வந்து சேரும் ஆட்கள். "ஏட்டி, எங்க இருக்க?" என்று பக்கத்து நிரையிலிருந்து சித்ரா கூப்பிட்டால், "கடையிலதான்," என்று பதில் வரும். இல்லாத கடைக்குப் பூட்டும் வாங்கியாயிற்று. சாவி ஜெபமாலையோடு தொங்குகிறது. "மாதாவுக்கும் ஞாபகம் இருக்கணும்லா."

இப்போது விடுதிக்காரர்கள் வாரந்தோறும் பிஸ்கட் கேட்கிறார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இனி முடியாது. ஆனால் தோட்டத்து வேலை அவள் பேரில். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஜீப் ஓட்டும் கணவன் மரியஜோசப் பாசக்காரன், பயந்தவனும்கூட. "பிஸ்கட்டுக்குள்ளயாட்டி போயிக் குடியிருக்கப் போறோம்?" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். அவள் பிறந்த வீடு அது. லேசில் விட்டுவிட முடியுமா?

அன்று திங்கட்கிழமை. வேலையில் நீடிப்பாளா, விடுவாளா என்று காலையிலேயே தோட்டத்து ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும். வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதிவிட்டது. விடுதிக்குப் போக வேண்டிய டப்பாக்கள் ஜீப்பின் பின்னால் ஏறியிருந்தன. மஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. டின்சி உள்ளே போய், ஆணியில் தொங்கிய படங்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப வேலைக்குத்தான?" மரியஜோசப்பின் குரலில் பாதி நிம்மதி.

அவள் படங்கை ஒரு தரம் உதறினாள். டப்பாக்களின் மேல் போர்த்தி, ஓரங்களை இழுத்து, தினமும் இடுப்பில் போடும் அதே முடிச்சைப் போட்டாள்.