கட்டிக்கொடுத்தவர்களுக்கு ஓர் அம்புக்குறி

எனக்குச் சோறு போடுவது படம். பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கைகளை ஒரே பக்கப் படமாக்கிக் கொடுப்பதுதான் கோவை சரவணம்பட்டியில் கம்பெனி ஒன்றில் என் வேலை. வட்டம், கட்டம், கோடு, கொஞ்சம் நிறம். படிக்க நேரமில்லாத பெரிய மனிதர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். படித்திருந்தாலும் அதே தலையைத்தான் ஆட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது: பார்த்ததும் புரிய வேண்டும், புரியவிடாமல் குறுக்கே நிற்பது எதுவானாலும் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும்.

அவிநாசிப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று முடிவானபோது, பங்காளிகள் கூடிப் பேசினார்கள். வம்சாவளியைப் படமாகப் போட்டு வாசலில் ஃபிளக்ஸ் வைத்தால், யார் யாருக்கு என்ன முறை என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்றார்கள். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. திரும்பாமல் போயிருந்தால் நானே இருமியிருப்பேன்.

வரைய உட்கார்ந்த பிறகுதான் வினை தெரிந்தது. வம்சாவளியை மரம் என்கிறார்கள். முறைப்பெண்ணைக் கட்டுகிற ஊரில் அது மரமாக நிற்காது. அத்தையைக் கட்டிக்கொடுத்த கோடு வெளியே போகும். ஒரு தலைமுறை கழித்து அத்தை மகள் மருமகளாக வந்து, போன கோட்டை வளைத்து வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விடுவாள். என் வீட்டிலேயே நடந்த கதைதான், என் மனைவி அத்தை மகள். முதல் படம், கோவையில் கணபதிப் பக்கம் பட்டறைகள் நெருக்கியடிக்கிற சந்துக்கு மேலே தொங்கும் கரண்ட் கம்பிகள் மாதிரி வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை. கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலதெய்வம்தானே? நம் கோயில் படத்தில் அவளுக்கு என்ன வேலை? கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சின்ன அம்புக்குறி, வெளிப்பக்கம் பார்த்து. கீழே ஓரமாக விளக்கம்: ‘அம்புக்குறி – கட்டிக்கொடுத்த பெண்கள்.’ ஒரே நிமிடத்தில் கம்பிகள் மறைந்து படம் பளிச்சென்று ஆகிவிட்டது. சம்பிரதாயமும் தொழில் தர்மமும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கட்டம் இருந்தது. அவள் எங்கிருந்து வந்தாள் என்பதற்குக் கோடு இல்லை. “நானென்ன வானத்துல இருந்து குதிச்சனுங்களா?” என்று கேட்டாள். வாசகர் கருத்து என்று எடுத்துக்கொண்டேன். அதாவது, கண்டுகொள்ளவில்லை.

கும்பாபிஷேகத்தன்று ஃபிளக்ஸ் முன்னால் நல்ல கூட்டம். பிள்ளைகள் விரலை வைத்துக் கோடு பிடித்துப் போய் முறை சொன்னார்கள். பெரியவர்கள் என்னைப் பார்த்து, ‘தெளிவாப் போட்டிருக்கீங்க’ என்றார்கள். நான் அடக்கமாக நின்றேன். அடக்கமாக நிற்பதற்கென்றே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தேன், ஃபிளக்ஸுக்கு நேர் பக்கத்தில்.

சித்தப்பா மகள் வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். சில வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, மரியாதைக்காரர்கள். வந்தவள் வந்தவள்தான். தம்பி பெங்களூரில் இருக்க, தோட்டத்துக்கு மோட்டார் போடுவது, மாடு, சித்தியின் கடைசி நாட்கள், இப்போது கண் தெரியாத சித்தப்பா, எல்லாம் இவள்தான். அன்றைக்குப் பொங்கல் பானை தூக்கி வந்ததும் இவள்தான்.

ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். சித்தப்பா கட்டத்துக்குக் கீழே தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள். பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

“ஏனுங்கண்ணா, இந்த அம்புக்குறி எங்கீங்க போகுது?”

“அது... கட்டிக்கொடுத்த ஊருக்கு, அம்மிணி.”

“அங்க நான் இல்லீங்களே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். வழி கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவளை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அம்புக்குறியைப் போடும்போது எனக்கு அவள் ஞாபகம் வந்தது. வளைத்துத் திரும்பக் கொண்டுவந்தால் தம்பியின் கோட்டை வெட்டுமே என்று நேராகவே விட்டேன்.

நன்கொடைப் பலகையில் பெயர் எழுத வைத்திருந்த ஸ்கெட்ச் பேனாவைத் தேடி எடுத்து வந்து, அம்புக்குறிக்கு மேலேயே அவள் பெயரை எழுதினேன். ஃபிளக்ஸில் மை பிடிக்கவில்லை. என் கை பட்டு, கறுப்பாக ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டது. முன்பு அங்கே ஒன்றும் இல்லை. இப்போது அழுக்கு இருந்தது.

“உடுங்கண்ணா,” என்றாள்.

அதற்குள் யாரோ சித்தப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து ஃபிளக்ஸ் முன்னால் நிறுத்திவிட்டார்கள். படம் எப்படி வந்திருக்கிறது என்று எல்லாரும் பேசுவதைக் கேட்டிருக்கிறார். மகளைக் கூப்பிட்டு, படித்துக் காட்டச் சொன்னார். நான் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

அவள் மேலிருந்து படித்தாள். பாட்டன் பேர், அவர் பிள்ளைகள், என் அப்பா, என் பேர்கூட. எல்லாம் நான் போட்ட வரிசைப்படி. சித்தப்பா கட்டத்துக்கு வந்தாள்.

“உங்க பேருங்கப்பா. பக்கத்துல அம்மா பேரு. கீழ ரெண்டு கோடுங்க. ஒண்ணு தம்பிக்கு.”

“இன்னொண்ணு?”

“எனக்குங்க.”

“பேரு போட்டிருக்குதா?”

“போட்டிருக்குதுங்கப்பா.”

சித்தப்பா தலையாட்டினார். எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் ஆட்டுகிற மாதிரி இல்லை, மெதுவாக. பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று கையை நீட்டித் தேடினார். கொடுத்தேன்.

“நல்லாப் போட்டிருக்கே கண்ணு. இவள உட்டுப்போடுவாங்களோன்னுதான் பயந்துட்டு இருந்தேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கழுவாத என் விரலில் இருந்த மை சித்தப்பாவின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது.

“சரிங்க சித்தப்பா,” என்றேன்.