கனி பாய் இலை பிடிக்கப் போன கதை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அப்துல் கனியின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. நாகூர்க்காரர். சமையலில் கை அவ்வளவு சுத்தம். நாக்குக்கும் அந்தச் சுத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பட்டப்பெயர் வைத்துவிடுவார். ஆடி அசைந்து வருகிற யாழ்ப்பாணத்துக் கிளார்க் சிவசம்பு 'கூட்ஸ் வண்டி'. வீட்டில் மனைவி முத்து பீவி கொடி காட்டாமல் எதுவும் நகராது என்பதால் அவள் 'ஸ்டேஷன் மாஸ்டர்'. இந்தப் பெயர் மட்டும் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். மனுஷனுக்கு உயிர்மேல் ஆசை இருக்காதா?

ஜப்பான்காரன் காலம் அது. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். கனி மரவள்ளிக்கிழங்கை அவித்தார், பொரித்தார், இடித்துப் புட்டாக்கினார், கடைசியில் வெட்கமே இல்லாமல் அதற்குப் பிரியாணி என்று பெயரும் வைத்தார். "பேருதான் பிரியாணி, லா. திங்கும்போது கண்ணை மூடிக்கிட்டாப் போதும்" என்பார். ஜனங்களும் திட்டிக்கொண்டே தின்றார்கள்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஜப்பான் பாஷை படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, முனகாமல் போனவர் கனி ஒருத்தர்தான். கேலி செய்ய இன்னொரு பாஷை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. 'நாகாய்' என்றால் நீளம் என்று வாத்தியார் சொன்னதும், "நம்ம நாகைதான். ஊருக்குப் போற வழி நீளம்தானே" என்று மனத்தில் முடிந்துகொண்டார். 'ஹப்பா' என்றால் இலை. வாழையிலையில் சோற்றைப் பார்த்ததும் வருகிற மூச்சு அதுதானே, ஹப்பா! அந்த வார்த்தை அவருக்குச் சாகிறவரை மறக்காது.

அந்தப் பஞ்சத்திலும் கனியின் கடையில் எப்போதாவது நல்ல மீன் வாசம் வரும். அதற்குக் காரணம் செனின். ரவாங்குக்கும் அப்பால், மலைக்காட்டில் குடியிருக்கும் தெமுவான் பழங்குடி ஆள். மலாய் பாஷையில் செனின் என்றால் திங்கள். திங்கட்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர். பிரம்பும் பெத்தாய் என்ற காட்டு அவரைக் கொத்தும் சுமந்து வருவான், உப்பு வாங்கிக்கொண்டு போவான். சில சமயம் காட்டு இலையில் சுருட்டிய கெலா மீன் ஒன்றைக் கனியின் கையில் திணிப்பான். உள்ளங்கை அகலச் செதில், வெண்ணெய் மாதிரிச் சதை. ஒருமுறை கனியையும் கூட்டிக்கொண்டு போய் அது கிடைக்கிற மடுவைக் காட்டினான். ஆற்றங்கரையில் அவன் சொன்ன சட்டங்களைக் கேட்டுக் கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீன் பிடிக்கப் போனால் மீன் என்று சொல்லக் கூடாது. இலை என்றுதான் சொல்ல வேண்டும். பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது. உயிருள்ள வேர் என்று சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடுமாம். முதலில் கிடைத்ததைத் திருப்பி ஆற்றிலேயே விட வேண்டும்.

சிரிக்க வாயைத் திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டார். தன் வீட்டிலேயே விளக்கு வைத்த பிறகு முத்து பீவி பாம்பைப் 'பூச்சி' என்றுதானே சொல்கிறாள்? ஊசியைக் கடன் கேட்டால் காலையில் வா என்கிறாள். இவனைக் கேலி செய்தால் ஸ்டேஷன் மாஸ்டரையும் கேலி செய்தது போலல்லவா ஆகும்? ஆகவே கனி அன்றைக்கு ஒழுங்காக இலையே பிடித்தார். திரும்பும்போது செனின் ஒன்றே ஒன்று கேட்டான். கனி அவனுக்குத் 'தவுக்கே', அதாவது முதலாளி. "தவுக்கே, கெலா முட்டை வைக்கிற மடு இது. கிழங்கு கிடைக்காத மாசத்துல எங்க பிள்ளைங்க வயிறு இதை நம்பித்தான் இருக்கு. இடத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே."

"என் வாயிலேருந்தா? ஈ கூட வெளிய வராது, லா" என்றார் கனி. சொல்லும்போது அவர் அதை நம்பவும் செய்தார், பாவம்.

ரயில்பாதைக்கு மலையுடைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இஷிடா என்ற அதிகாரி ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். சிடுமூஞ்சி. யாராவது குனிந்து வணங்கத் தாமதித்தால் கன்னத்தில் அறைந்துவிட்டுத்தான் மறுபேச்சு. அன்றைக்குக் கெலாக் குழம்பு ஒரு வாய் வைத்ததும் அந்த மூஞ்சி மலர்ந்தது. "நல்ல மீன். எங்கே கிடைக்கிறது?" என்றான். அவ்வளவுதான். கனி தன் ஜப்பான் பாஷையை எல்லாம் கடை பரப்பிவிட்டார். ஆறு, மலை, பெரிய பாறை, அதன் அடியில் மடு, கை நீட்டிய அகலத்துக்கு மீன். இஷிடா தலையாட்டிக்கொண்டே கேட்டான். போகும்போது, "நாளைக்கு நீயும் வா. எனக்கு வழி காட்டு" என்றான்.

முத்து பீவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அந்த மனுசன் ஒன்னே ஒன்னுதானே உங்ககிட்ட கேட்டான்? உப்புக்கு மேல வேற எதையாவது கேட்டிருக்கானா? உங்க நாக்கை அறுத்துக் காக்காய்க்குப் போட!"

"தூண்டில் போட்டு ரெண்டு மீன் பிடிச்சிட்டுப் போயிடுவான், லா. ஆறு வத்தியா போயிடும்?"

ஆனால் விடிந்ததும் லோரியில் ஏறிய கனி இஷிடாவின் சாமான்களைப் பார்த்தார். தூண்டிலோடு கூடவே ஒரு சாக்குப் பையில் மலையுடைக்கும் வெடிக்குச்சிகளும் திரியும் இருந்தன. லோரி ஓட்டிய நாகையா கண்ணால் காட்டி, "மீனைப் பொறுக்கத்தான் பாய் உங்களைக் கூட்டிட்டுப் போறாங்க. வெடியைப் போட்டா எல்லாம் மேல மிதந்திரும், இல்லையா?" என்று கிசுகிசுத்தான். குஞ்சு, சினை, தாய் எல்லாம்தான் மிதக்கும். அதற்கப்புறம் அந்த மடுவில் என்ன இருக்கும்? ரவாங் தாண்டும்வரை கனி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு ஏதோ சீக்கு என்றே நாகையா நினைத்தான்.

லோரி நின்ற இடத்தில் செனின் பிரம்பு வெட்டிக்கொண்டிருந்தான். ஜப்பான்காரனைப் பார்த்தான். சாக்குப் பையைப் பார்த்தான். அப்புறம் கனியைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் திரும்பி முன்னால் நடந்தான். கனிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

காட்டின் விளிம்பில் செனின் நின்று, பெரியவர்களே, உங்கள் பேரப்பிள்ளைகள் இந்த வழியாகப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மரங்களைப் பார்த்து முணுமுணுத்தான். கனியும் தன் பங்குக்கு ஒரு சலாம் போட்டார். சலாம் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது? இஷிடா பொறுமையில்லாமல் காலைத் தட்டிக்கொண்டு நின்றான்.

பாதி வழியில் செனின் கையை உயர்த்தினான். "தவுக்கே, பாதையில உயிருள்ள வேர். நிக்கச் சொல்லு."

இஷிடாவோ பூட்ஸ் காலைத் தூக்கிவிட்டான். ஜப்பான் பாஷையில் பாம்புக்கு வார்த்தை கனிக்குத் தெரியும். தொண்டைவரை வந்தும்விட்டது. ஆனால் முத்து பீவியோடு குடித்தனம் நடத்திய பழக்கம், நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. "நாகாய் மோனோ!" என்று கத்தினார். நீளமான ஒன்று!

தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே பச்சை விரியன் ஒன்று சோம்பலாக நகர்ந்து புதருக்குள் போனது. இஷிடா பாம்பைப் பார்க்கவில்லை. கனியின் முகத்தையே ஒரு மாதிரியாகப் பார்த்தான். கனி பல்லைக் காட்டிவைத்தார்.

மடு வந்தது. பாறை நிழலில் கறுத்துக் கிடந்த தண்ணீர். மேலே உதிர்ந்த இலைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. இஷிடா பையைத் தோளிலிருந்து இறக்கினான். "கேள் அவனை. இங்கே என்ன இருக்கிறது?"

செனின் தண்ணீரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். "இங்க இலைதான் இருக்கு. கீழே தாய் இலை இருக்கு, குட்டி இலை இருக்கு. இடி விழுந்தா ஒரு இலையும் மிஞ்சாது. தவுக்கே, நீ கொண்டுவந்து விட்ட ஆள். நீயே சொல்லு."

அந்த நொடியில் கனியின் பழைய குறும்புத்தனம் தலை தூக்கியது. பொய் சொன்னால் அறை, தலைகூடப் போகலாம். ஆனால் இவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? செனின் சொன்னது இலை. இவர் சொல்லப்போவதும் இலை. வார்த்தைக்கு வார்த்தை, சுத்தமான மொழிபெயர்ப்பு! உள்ளுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மடுவைக் காட்டிச் சொன்னார்: "ஹப்பா. வெறும் ஹப்பாதான்."

இஷிடாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ஹப்பா!" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுச் சாக்கிலிருந்து வெடிக்குச்சியை எடுத்தான்.

விஷயம் என்னவென்றால், ஜப்பான் பாஷையில் இலைக்கும் ஹப்பாதான், பாறையை வெடிவைத்து உடைப்பதற்கும் ஹப்பாதான். வகுப்பில் வாத்தியார் முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையிலிருந்து மாலைவரை மலையுடைக்கிற மனுஷன் காதில் எது விழும்? 'வெடிதான் போட வேண்டும்' என்று இந்தக் கடைக்காரன் யோசனை சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

"ஐயையோ, இல்ல, இல்ல! ஹப்பா! ஹப்பா!" என்று கனி அலறினார். அலற அலற இஷிடா வேகமாகத் திரியைச் செருகினான். தீப்பெட்டியையும் எடுத்துவிட்டான். என் ரப்பே, வாயால் கெட்டதை வாயாலேயே இன்னும் கெடுக்கிறேனே என்று கனி பதறிப்போய், பக்கத்துச் செடியில் ஒரு கொத்தைப் பிய்த்து, தீக்குச்சிக்கும் திரிக்கும் நடுவில் நீட்டி, "ஹப்பா! இது! இதுதான் ஹப்பா!" என்றார்.

இஷிடா இலையைப் பார்த்தான். மடுவைப் பார்த்தான். தீக்குச்சி அவன் விரலைச் சுட்டு அணைந்தது. அதையும் அவன் கவனிக்கவில்லை. அவன் முகத்தில் என்னவோ கூட்டிக் கழித்து ஓடியது. "நாகாய் மோனோ" என்று தனக்குள் சொன்னான். அப்புறம் செனினை மேலும் கீழும் பார்த்து, "ஹப்பா" என்றான். அடுத்த கணம் கனியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

கண்ணில் பூச்சி பறந்தது கனிக்கு. செத்தோம் என்று நினைத்தார். இலை என்றால் என்ன என்று இவனுக்குப் புரிந்துவிட்டது. இனி எதைச் சொல்லி நிறுத்துவது?

ஆனால் இஷிடா வெடிக்குச்சியிலிருந்து திரியை உருவினான். பாறையில் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஆரம்பித்தான். கனிக்குப் பாதிதான் புரிந்தது. அவன் அப்பா கடலில் மீன் பிடிக்கிறவராம். படகில் யாரும் பாம்பு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாதாம். நீளமான ஒன்று என்றுதான் சொல்ல வேண்டுமாம். சிறுவயதில் இவன் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட, அப்பா அறைந்த அறையில் படகே ஆடியதாம். அதே சட்டம் இருக்கிற தண்ணீரில் வெடி போட அவனுக்குக் கை வரவில்லையாம். இஷிடா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, கனியின் கன்னத்தையும் காட்டினான். "என்னை ஏமாற்றப் பார்த்தாய். அதற்கு இது" என்றான். பிறகு தூண்டிலை எடுத்து, "இவன் ஊரில் வேறு எதையெல்லாம் சொல்லக் கூடாது?" என்று கேட்டான்.

வீங்கிய வாயோடு கனி கேட்டுச் சொன்னார். அன்றைக்கு அந்த மலையுடைக்கிற அதிகாரி, செனின் சொன்ன சட்டத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு நடந்தான். முதலில் சிக்கிய கெலா நல்ல தடியானது. கொடுக்க மனசே வரவில்லை அவனுக்கு. முனகிக்கொண்டேதான் திருப்பி விட்டான். இரண்டாவதாக ஒரு சின்னது கிடைத்தது. அதோடு தூண்டிலைச் சுற்றினான். கனிக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

லோரி நின்ற ரோட்டுக்கு வந்ததும் இஷிடா முன்னால் ஏறிக்கொண்டான். கனிக்குப் பழைய தெம்பெல்லாம் திரும்பிவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே செனினிடம் போய், "பார்த்தியா, லா? ஒரு அறைதான். முழு மடுவையும் காப்பாத்திட்டேன்! அடுத்த தடவை நான் வரும்போது..." என்றார்.

செனின் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். கையை நீட்டிக் கனியின் வீங்கிய கன்னத்தை மெல்லத் தொட்டான். காடு பின்னால் போய்விட்டது. இங்கே மீனை மீன் என்று சொன்னால் ஒன்றும் ஆகாது.

"உனக்கு மீன் வரும், தவுக்கே" என்றான். "நீ வராதே."

கனி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் அதை மூடிக்கொண்டு போய் லோரியில் ஏறிக்கொண்டார்.