முதுகுக்கு அடித்த யோகம்

எங்கள் வீட்டுக்கு வருகிற பிரெஞ்சுக்காரர்கள் தரையில்தான் உட்காருவார்கள். பாரீசுக்கு வெளியே, ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் குடியிருப்பு. தவணையில் வாங்கிய சோபா கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் அதில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதிர்வீட்டு மதாம் ரெனேயோ காப்பிக் கோப்பையோடு கீழே இறங்கி, சப்பணம் போட்டு, முதுகை நிமிர்த்திக் கண்களை மூடிக்கொள்வார். நாங்கள் பொன்திஷெரியிலிருந்து, அதாவது புதுச்சேரியிலிருந்து, வந்தவர்கள் என்று தெரிந்த நாள் முதல் இப்படித்தான். சோபாவைக் காட்டினால், "வேண்டாம், உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன்" என்பார். கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்ட எங்கள் வழக்கமே சோபாதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே இருக்கிற நம்மவர்கள் பலருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். நாம் விட்டுவிட்டு வந்ததைத்தான் இவர்கள் நம்மிடம் தேடுகிறார்கள். அது நம்மிடம் எப்போதுமே இருந்ததில்லை என்றால் நம்புவதில்லை.

எனக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத் துணி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றேன். இடுப்பிலிருந்து கழுத்துவரை காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போல வலி. அங்கிருந்த டாக்டர் என் ஊரைக் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, "பிறகென்ன, யோகா செய்யுங்கள்" என்றார்.

அந்தச் சொல்லை நான் வேறு மாதிரிதான் அறிந்திருந்தேன். எங்கள் வீட்டில் யோகம் என்பது அடிப்பது. யாரும் அதைச் செய்வதில்லை. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தபோது, தெருவே திரண்டு எனக்கு யோகம் அடித்துவிட்டது என்றது. அந்த நினைப்பில், "யோகமா? அது எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே" என்று டாக்டரிடம் என் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். தினமுமா என்றார். யோகம் ஒருநாள் இருந்து ஒருநாள் இல்லாமல் போகுமா, தினமும்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அளவுக்கு மீறிச் செய்ததால் வந்த வலி இது என்றும், வீட்டில் செய்கிறவர்களுக்கு நல்ல விரிப்பும் தேர்ந்த ஆசிரியரின் வழிகாட்டலும் அவசியம் என்றும், வக்கான்ஸ் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இரண்டையும் தேடிக்கொள்ளும்படியும் சொன்னார். இதற்கும் சரியாகாவிட்டால் சலவைக்கூடத்து வேலையை விட வேண்டியிருக்கும் என்றார். அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஆகஸ்ட் மாதம் ஊருக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் முன்பே காலமாகியிருந்தார்கள். உழவர்கரைப் பக்கம் ஒரு காலனியில் அக்கா மங்காவின் வீடு. அவள் வீட்டுக்காரரான மாமா வேலை பார்த்த ஆலை மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம் அது. அக்கா ஆட்டுக்கல்லில் இட்லி மாவு ஆட்டி, தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வீட்டில் ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது. யோகாவுக்குப் புலித்தோல்தான் உசத்தி, கிடைக்காவிட்டால் மான்தோல் என்றார் மாமா. அவர் இரண்டையும் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா இலவம்பஞ்சு மெத்தையைச் சொன்னார். அதில் படுத்துக் காலைத் தூக்கியதும் பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. என்னை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கோரைப்பாயைப் பாலிஷ் போட்ட சிமெண்டுத் தரையில் விரித்துக் காலை அகட்டினேன். பாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம்.

கடைசியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி, கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வெள்ளைக்காரர்களுக்கென்றே இருக்கிற கடைகளில் ஒன்றுக்குப் போனேன். தர்ப்பைப் பாய், பஞ்சு திண்டு, இடுப்பில் கட்டும் பட்டை, மூக்குக்குள் தண்ணீர் விடும் கெண்டி, காவி ஜிப்பா, பித்தளை மணி என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தார்கள். நான் பையைத் தொட்டதும் கடைக்காரர், "அது உங்களுக்கு ஒத்து வராதும்மா. வெள்ளக்காரங்க எடுக்கிறது" என்றார். நானும் பிரான்சிலிருந்துதான் வருகிறேன் என்றேன். அவர் ஒரு கணம் தயங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மதாம்" என்றார். பொருளின் விலையும் என்னோடு சேர்ந்து பிரான்சுக்குப் போய்த் திரும்பியிருந்தது. மணி எதற்கு என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்தேன். அக்கா பெட்டியிலிருந்து கனத்த பவானி ஜமக்காளம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்து அதை விரித்தால் நகராமல் கிடந்தது. என் யோகாவின் தளவாடம் அதோடு முடிந்தது.

வழிகாட்டியை மாமா பிடித்துக் கொடுத்தார். டீக்கடையில் அவருக்குப் பழக்கமான ஒருவர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கடற்கரைப் பக்கம் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்து யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டை மீசை, விறைத்த முதுகு, கழுத்தில் இன்னும் டிரில் விசில். வகுப்பு முழுக்க பிரெஞ்சுக்காரர்கள். நான் பாரீசில் வாங்கிய கால்சட்டையும் சட்டையுமாக வந்திருந்தேன். பிரெஞ்சுப் பெண்கள் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, காலைத் தூக்கும்போதெல்லாம் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தவித்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "தமிழ்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறதில்லம்மா, இங்கிலீஷ்தான்" என்றார். அவருடைய இங்கிலீஷ் 'அப், டவுன், ஹோல்டு' என்கிற மூன்று சொற்களோடு நின்றது. வந்தவர்களுக்கு அந்த மூன்றும் புரியவில்லை. எனக்குப் பிரெஞ்சு வரும் என்று தெரிந்ததும் அவர் தமிழுக்கே திரும்பிவிட்டார். நான் ஜமக்காளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலானேன். வலியெடுத்த முதுகோடு வந்தவளுக்கு அந்த வகுப்பில் கிடைத்த ஆசனம் நிற்பதுதான்.

உட்கார்ந்து காலை நீட்டி முன்னால் குனிகிற ஆசனம். எல்லோரும் பாதி வழியில் முனகிக்கொண்டிருந்தார்கள். "வலிச்சாலும் விடக் கூடாது. பல்லக் கடிச்சிக்கினு இன்னும் கீழ போவணும்னு சொல்லும்மா" என்றார் மாஸ்டர். எனக்கு அதைக் கேட்டதும் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் ஞாபகம் வந்தார். அவரும் இதையேதான் சொல்வார், நல்ல பிரெஞ்சில். நான் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மூச்சை விடுங்கள், போன மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். அறை முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது. தான் சொன்னது இவ்வளவுதானே, இத்தனை நீளமாகவா போகும் என்று மாஸ்டர் கேட்டார். பிரெஞ்சு கொஞ்சம் நீளமான பாஷை என்றேன்.

அதிலிருந்து தினமும் இப்படியே நடந்தது. அவர் அதட்டுவார், நான் ஆறுதலாகச் சொல்வேன். எலேன் என்ற இளம்பெண் ஒரு நாள் கண் கலங்கி, பாரீசில் தனக்குக் கிடைத்த ஆசிரியர்கள் எல்லாம் கொடுமைக்காரர்கள் என்றும், இவ்வளவு கனிவான மனிதரை இந்தியாவில்தான் பார்க்க முடியும் என்றும் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று மாஸ்டர் கேட்டார். உங்கள் கண்டிப்பு பிடித்திருக்கிறதாம் என்றேன். அவர் மீசையை நீவிக்கொண்டார். சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் பிரெஞ்சில் சொன்னதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துச் செய்வேன். வலிக்கிற இடத்தில் நின்றேன். மெல்ல மெல்ல அந்த இடம் தள்ளிப் போனது. காலையில் யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மாவு வழிக்கிற கையை நிறுத்தாமல் ஒரு நாள் கேட்டாள். "எனக்குந்தான் வருஷக்கணக்கா இடுப்பு வலி. எனக்கு எந்த டாக்டர் யோகம் எழுதிக் குடுத்தான்?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். மறுநாள் அவளையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். கால்சட்டைக்கு எங்கே போவது? மாமாவின் பழைய பைஜாமாவைப் போட்டு, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டு, தெருவில் யார் கண்ணிலும் படாமல் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தாள். வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். அன்றும் அதே குனிகிற ஆசனம். மாஸ்டர் தமிழில் அதட்டினார். நான் பிரெஞ்சில் தணித்தேன். எல்லோரும் பாதியில் நின்று சுகமாக மூச்சு விட்டார்கள். அந்த அறையில் மாஸ்டர் சொன்னது புரிந்த ஒரே மாணவி என் அக்கா என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை முழங்காலில் சொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டுக்கல்லின் முன் குனிகிற அதே பிடிவாதத்தோடு இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளைக் காட்டி, "பாருங்க, இதான் யோகா" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் அவரைத் தாண்டிப் போய் அக்காவின் தோளைப் பிடித்தேன்.

"அக்கா, நிறுத்து. வலிச்சா நிறுத்திடணும்."

அவள் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பினாள். "அவுரு விடக் கூடாதுன்றாரே?"

"அவுரு சொல்வாரு. நீ நிறுத்து."

மாஸ்டருக்கு அப்போது புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. கை விசிலைத் தேடியது. "இத்தினி நாளா அவங்ககிட்ட இதத்தான் சொல்லிக்கினு இருந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். எலேன் என்ன பிரச்சினை என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், நிறைந்திருந்த அறையைப் பார்த்தார், வாடகையையும் நினைத்திருப்பார். குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு அப்பிடியே சொல்லிக்கினு இரு. அது பூஞ்ச ஒடம்பு. நம்ம ஒடம்பு வலி தாங்கும்" என்றார். பிறகு எல்லோருக்குமாக ஒரு பெரிய புன்னகை செய்தார். அவர்கள் கைகூப்பி நமஸ்தே சொன்னார்கள்.

ரிக்‌ஷாவில் திரும்பினோம். வாய்க்கால் பாலம் தாண்டியதும் அக்கா, "வலிச்சா நிறுத்தலாம்னு எனக்கு இதுவரைக்கும் யார்டி சொன்னா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரிக்‌ஷாக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது வியர்வையில் நனைந்து, ஏறி ஏறி இறங்கியது.

வகுப்புக்கு நாங்கள் அதற்குப் பிறகு போகவில்லை. மாமா வெளியே போனதும் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து இருவரும் செய்தோம். மாஸ்டர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் அக்கா விடாமல் பிடித்துக்கொண்டாள், கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பதை. புதுச்சேரியில் கிழக்கைத் தேட வேண்டியதில்லை, கடல் இருக்கிற பக்கம். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே குனிந்து, வலிக்கிற இடம் வந்ததும் "ம், இங்கதான்" என்று சொல்லி நிற்கப் பழகினாள். சவாசனம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லி, கையைக் காலை விரித்து அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றேன். "செத்தவ மாதிரி படுக்கிறதுக்கு ஒரு கிளாசா?" என்றவள், படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். பகல் வேளையில் என் அக்கா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலில் யாரோ மாவு கேட்டு வந்தார்கள். நானே எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்தேன்.

பாரீசுக்குத் திரும்பியதும் டாக்டர் பரிசோதித்துவிட்டு, தாயகத்தின் ஞானம் என்று ஏதோ சொன்னார். வேலை தங்கியது. மதாம் ரெனே என்னிடம் யோகா கற்க வந்தார். வலித்தால் நிறுத்துங்கள் என்று நான் சொன்னதை, இது எந்தப் பழைய நூலில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். மாமா எழுதிய கடிதத்தில் அக்கா தினமும் காலையில் செய்கிறாள் என்றும், ஆட்டுக்கல்லை உயரமாக ஒரு மேடை கட்டி வைக்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறாள் என்றும் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே எனக்குக் கிழக்கு தெரியவில்லை. வெயிலே வராத ஊரில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? என் வீட்டுக்காரர் தான் வேலை பார்க்கிற தபால் நிலையத்திலிருந்து ஒரு வரைபடம் கொண்டுவந்து, சன்னலைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டிக் கைகாட்டினார். அந்தப் பக்கம் பார்த்து விரித்து உட்காருகிறேன். அதே கோட்டில் போனால் கடைசியில் உழவர்கரை வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே அக்காவும் கிழக்கு பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள், கடலைப் பார்த்து. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிவது அவள் முதுகு.